வெள்ளியங்கிரி ஏறினவனுக்கு ஹம்ப்டா பாஸ் எம்மாத்திரம்?

ஜூன் 26. ஒரு வாசகர் கேட்டது:

வருஷா வருஷம் வெள்ளியங்கிரி ஏறுகிற ஆள் நான். ராத்திரி பூண்டியில் கிளம்பினால் விடிவதற்குள் ஏழாவது மலை, மதியச் சாப்பாட்டுக்கு வீடு. இமயமலை ட்ரெக் போனவர்கள் போடுகிற படங்களைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. ஒரு நாளைக்கு நாலைந்து மணி நேரம் நடக்கிறார்கள், அப்புறம் கூடாரத்தில் படுத்துக்கொள்கிறார்கள். மூட்டையைக் கழுதை சுமக்கிறது, சமைக்க ஆள் இருக்கிறது. இதில் என்ன பெரிய கஷ்டம்? இமாசலத்து ஹம்ப்டா பாஸ் போனவர்கள் யாராவது இருந்தால் உண்மையைச் சொல்லுங்கள். பில்டப் வேண்டாம்.

ஜூன் 27, இரவு 10.15

நான் திரும்பி வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. நானும் கோவைதான், வெள்ளியங்கிரி ஒன்பது முறை. நீங்கள் கேட்ட இதே கேள்வியை ஜனவரியில் நானும் கேட்டேன். கேட்ட கையோடு பணத்தையும் கட்டிவிட்டேன்.

வழி இதுதான். மணாலியிலிருந்து வண்டியில் கொண்டை ஊசி வளைவாக ஏறி ஜோப்ரா, 9,800 அடி. முதல் நாள் சும்மா இரண்டு மணி நேர நடை, சிக்கா. இரண்டாம் நாள் எட்டு கிலோமீட்டருக்கு மேல், பாலு கா கேரா, 11,900 அடி. மூன்றாம் நாள் ஹம்ப்டா கணவாய், 14,000 அடியைத் தாண்டும். அன்றைக்கே மறுபக்கம் இறங்கி ஷியா கோரு. நாலாம் நாள் சத்ரு, அங்கே ரோடு வந்துவிடும். தூரத்தை மட்டும் கூட்டிப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. ஏழு மலையையும் ஒரே ராத்திரியில் ஏறுகிற ஆளுக்கு இந்தக் கிலோமீட்டரெல்லாம் பொருட்டே இல்லை.

ஆனால் வெள்ளியங்கிரி உச்சியே 6,000 அடியை ஒட்டித்தான். மணாலி ஊரே அதைவிட உயரம். நாம் சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்புகிற உயரத்துக்கும் மேலேதான் அவர்களுக்குப் பஸ் ஸ்டாண்டே இருக்கிறது.

எனக்கு ஏற்றத்தில் ஒரு பிரச்சினையும் வரவில்லை. ஷூவும் அருமை. ராத்திரிகள்தான் படுத்திவிட்டன. அதை நாளை எழுதுகிறேன்.

ஜூன் 28, இரவு 11.40

எனக்கு வயது முப்பத்தாறு. அதுவரை கூடாரத்தில் படுத்ததில்லை. வெட்டவெளியில் தூங்கியது என்றால் கரண்ட் போன ராத்திரிகளில் மொட்டைமாடியில் பாய் போட்டதுதான். வெள்ளியங்கிரியில்கூட எங்கேயாவது பாறையில் அரை மணி நேரம் சாய்ந்திருப்போம், அவ்வளவே.

எங்கள் குழுவில் பத்தொன்பது பேர். தமிழர்கள் ஏழு, மற்றவர்கள் புனே, பெங்களூர். கூடாரத்துக்கு இரண்டு பேர் என்று சொன்னார்கள். எனக்குச் சோடியாக வந்தவர் திருச்சிக்காரர், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், அறுபத்தொரு வயது. முதலில் சார் என்றேன். "சாரெல்லாம் ஆபீஸோட போச்சு தம்பி" என்றார். அப்புறம் அண்ணன்தான்.

சிக்காவில் அந்த முதல் ராத்திரி. கூடாரத்துக்குள் நிமிர்ந்து உட்காரலாம், நிற்க முடியாது. தூங்குகிற பை கால்பக்கம் குறுகி, மீன் மாதிரி இருக்கிறது. உள்ளே நுழைந்து கழுத்துவரை ஜிப்பை இழுத்தபின்தான், மூக்கு அரித்தால் சொறியக் கையை வெளியே எடுக்கவே ஒரு நிமிடம் ஆகும் என்று தெரிந்தது. தரை பார்க்க மட்டமாகத்தான் இருந்தது. படுத்த பிறகு பார்த்தால் லேசான சரிவு. அரை மணிக்கு ஒருமுறை இரண்டு பேரும் வாசல் பக்கமாகச் சறுக்கிப் போயிருப்போம். புழுவைப்போல நெளிந்து மேலே வருவோம். பத்து நிமிடத்தில் அண்ணன் குறட்டையோடு மறுபடி சறுக்குவார்.

பக்கத்தில் ஆறு. பகலில் அழகாகத்தான் இருந்தது. ராத்திரியில் அந்தச் சத்தம் அடைமழை மாதிரியே கேட்டது. வெளியே காயப்போட்ட துணி நனைகிறதே என்று இரண்டு தடவை தலையை நீட்டிப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. மழை உள்ளேதான் பெய்தது. நாங்கள் விட்ட மூச்சு கூடாரத்துணியில் வேர்த்து, விடிகாலையில் நெற்றியில் சொட்டியது. குளிருக்குப் பயந்து காற்றுவழியை நான்தான் மூடிவைத்திருந்தேன். அதை மூடக்கூடாதாம்.

இரண்டு மணிக்கு ஒன்றுக்கு வந்தது. பைக்கு ஒரு ஜிப், உள்கூடாரத்துக்கு ஒன்று, வெளிக்கூடாரத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றும் ஊரையே எழுப்புகிற சத்தம். ஷூவை வெளியே விட்டிருந்தேன், பனியில் ஊறிக் கிடந்தது. "உள்ள வச்சிருக்கலாம்ல தம்பி" என்று இருட்டிலிருந்து குரல். ஆக, தூங்கவில்லை மனிதர், குறட்டை மட்டும் விட்டிருக்கிறார்.

வெளியே வந்து தலைவிளக்கை அணைத்தேன். நட்சத்திரத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் எழுதப்போவதில்லை. வந்த வேலையை மறந்து கொஞ்ச நேரம் நின்றேன், அவ்வளவுதான்.

ஜூன் 29

கழிப்பறை பற்றிக் கேட்டவருக்கு: ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு உயரமான ஒல்லிக் கூடாரம், உள்ளே குழி, பக்கத்தில் தோண்டிய மண், ஒரு கொத்துக்கரண்டி. முடித்ததும் மண்ணைத் தள்ளி மூட வேண்டும். தண்ணீர் நீங்களே கொண்டுபோக வேண்டும், அது ஐஸ். மேற்கொண்டு விவரிக்க மாட்டேன். காலையில் பத்தொன்பது பேருக்கு இரண்டு கூடாரம். ஆறு மணிக்கு வரிசையில் நிற்பவனைவிட ஐந்து மணிக்கே எழுந்தவன் புத்திசாலி.

ஜூன் 30, மாலை

இரண்டாம் நாள். இங்கேதான் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் இருக்கிறது.

குழுத்தலைவர் காலையிலேயே ஒரு ஏற்பாடு செய்தார். யார் மிக மெதுவாக நடக்கிறாரோ அவர்தான் முன்னால். அவரை யாரும் முந்தக்கூடாது. மெதுவாக நடப்பவர் யார்? எங்கள் திருச்சி அண்ணன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெள்ளியங்கிரியில் மூங்கில் தடியைப் பிடித்தால் முன்னால் போகிறவனையெல்லாம் தாண்டிப் போய்த்தான் பழக்கம். இங்கே கல்யாண ஊர்வலம் மாதிரி நடை.

அண்ணனுக்கு ஒரு பழக்கம். அடியை எண்ணி எண்ணித்தான் வைப்பார். ஒன்று என்று சொல்ல மாட்டார், "லாபம், ரெண்டு, மூணு..." அவருடைய அப்பா நெல் மண்டியில் மரக்கால் பிடித்து அளந்தவராம், வீட்டிலும் அப்படியே எண்ணிப் பழகிவிட்டதாம். இருபது வந்ததும் நிற்பார், இரண்டு மூச்சு விடுவார், மறுபடி லாபம். பின்னால் வந்த புனே பையன்கள் இதென்ன மந்திரம் என்று கேட்டார்கள். விளக்கினேன். மதியத்துக்குள் அவர்களும் லாபம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

வழியில் ஜ்வாரா என்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஓர் ஓடை. ஷூவைக் கழற்றிச் செருப்போடு இறங்க வேண்டும். முழங்கால் அளவுதான். ஆனால் மேலே உருகுகிற பனி அப்படியே வருகிற தண்ணீர். முதல் ஐந்து விநாடி குளிர், அடுத்த பத்து விநாடி வலி, அதற்கப்புறம் கால் இருப்பதே தெரியாது. வெள்ளியங்கிரி ஆண்டிச்சுனையில் முழுக்குப் போட்டு வாய் கிட்டிப்போனவன் நான். அது இதற்கு வெந்நீர்.

அப்புறம் பாறைகள். படிக்கட்டு கிடையாது. மேசை அளவு, ஆட்டுக்கல் அளவு என்று கலந்து கொட்டிவைத்த மாதிரிக் கிடக்கிறது, சிலது மிதித்தால் ஆடுகிறது. நாலு மணிக்கு பாலு கா கேரா. அந்தப் பெயரைக் கேட்டதிலிருந்து "பாலு சார் வீட்டுக்கு இன்னும் எவ்வளவு தூரம்" என்றுதான் எங்கள் தமிழ் அணி கேட்டுக்கொண்டே வந்தது. நிஜத்தில் அது கரடி வளைவு.

அன்று ராத்திரி சென்னைப் பெண் ஒருவருக்குத் தலைவலி, இரண்டு தடவை வாந்தி. மாரத்தான் ஓடுகிறவர், எங்கள் குழுவிலேயே நல்ல உடம்பு அவருக்குத்தான். அடுத்த நாள் காலை ஒரு வழிகாட்டியோடு கீழே அனுப்பிவிட்டார்கள். அன்று சாயங்காலம் மணாலியில் நன்றாகச் சாப்பிட்டாராம், இறங்கியதுமே சரியாகிவிட்டது. (எழுதலாமா என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.) உடம்பு வலுவுக்கும் இந்த உயர நோய்க்கும் சம்பந்தமே இல்லை. ஓடுகிறவர்களுக்கும் வரும், ஊன்றுகோல் பிடிக்கிறவருக்கு வராமலும் போகும். வேகமாக ஏறுகிறவர்களுக்கு வர வாய்ப்பு அதிகம். நம் வெள்ளியங்கிரிப் பழக்கம் அங்கே வினையாவது அதனால்தான்.

ஜூலை 1

கரடி இல்லையாம். இந்தி தெரிந்த நண்பர் திருத்தியிருக்கிறார். பாலு என்றால் மணல், மணல் சூழ்ந்த இடம் என்று பொருள். கரடிக்கு அழுத்திச் சொல்கிற பா. தமிழில் எழுதினால் இரண்டுமே பாலுதான், என்னைக் குற்றம் சொல்லாதீர்கள். ஆற்றோரம் மணல் பரந்து கிடந்ததைக் கண்ணால் பார்த்தும் ராத்திரி முழுக்கக் கரடிக்குப் பயந்துகொண்டு படுத்திருந்தேன் என்பது வேறு விஷயம்.

ஜூலை 3, இரவு 12.20

ஒரு திருத்தம். பெரிய திருத்தம்.

அந்தச் சென்னைப் பெண் மேலே இருப்பதையெல்லாம் படித்துவிட்டுத் தனியாக ஒரு வரி அனுப்பினார்: "சமையல் கூடாரத்துக்குப் பின்னாடி நீங்க மாத்திரை போட்டதை நான் பார்த்தேன்."

சரி. சொல்லிவிடுகிறேன். முதல் பதிவில் எனக்கு ஏற்றத்தில் ஒரு பிரச்சினையும் வரவில்லை என்று எழுதினேனே, அது பொய். பாலு கா கேராவில் போய் உட்கார்ந்தபோதே பின்மண்டையில் இறுக்கிக் கட்டின மாதிரி வலி. சாயங்காலம் விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்ப்பார்கள். எனக்கு 82 காட்டியது. கை ஜில்லிட்டிருக்கிறது என்று சொல்லி உள்ளங்கையைத் தேய்த்து, நாலு தடவை ஆழமாக மூச்சு இழுத்துவிட்டு மறுபடி வைத்தேன், 87. அதைக் குறித்துக்கொண்டார்கள். தலைவலி இருக்கிறதா, பத்துக்கு எத்தனை என்று ஒவ்வொருவராகக் கேட்டார் தலைவர். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த அந்தப் பெண் ஆறு என்றார். எனக்கும் ஐந்தாறு இருக்கும். பூஜ்யம் என்றேன். அப்புறம் போய்த் திருட்டுத்தனமாக ஒரு பாராசிட்டமால் போட்டேன்.

ஏன் மறைத்தேன்? திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். ஒன்பது முறை வெள்ளியங்கிரி என்று மணாலியிலிருந்தே எல்லோரிடமும் அளந்துவிட்டிருந்தேன். ஆபீஸில் லீவு வாங்கப் பட்ட பாடு வேறு. அந்த நேரத்தில் இந்தக் காரணமெல்லாம் பெரிதாகத்தான் தெரிந்தது.

இது எவ்வளவு ஆபத்து என்று திரும்பி வந்த பிறகு ஒரு டாக்டர் நண்பர் திட்டித்தான் புரியவைத்தார். மேலே போகப் போகக் காற்றில் ஆக்சிஜன் விகிதம் மாறுவதில்லை, அதே 21 சதவீதம்தான். காற்றின் அழுத்தம்தான் குறைகிறது. 14,000 அடியில் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம். உடம்பு அதற்குப் பழக நாள் வேண்டும். பழகுவதற்குள் மேலே மேலே ஏறினால் முதலில் தலைவலி, குமட்டல். அதைப் பொருட்படுத்தாமல் ஏறினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோர்த்து உயிருக்கே உலை. தலைவலிதான் உடம்பு அடிக்கிற மணி, நான் மணியின் நாக்கைப் பிடித்துக்கொண்டேன் என்றார்.

மறுநாள் காலை வலி இல்லை. உடம்பு பழகியதா, மாத்திரை மூடிவைத்திருந்ததா, எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தப் பெண் உண்மையைச் சொல்லித் திரும்பினார். நான் பொய் சொல்லிக் கணவாயில் படம் எடுத்துக்கொண்டேன். படத்தை நேற்று முகப்பிலிருந்து எடுத்துவிட்டேன்.

ஜூலை 4

"டயமாக்ஸ் போட்டுக்கொண்டு போனால் எதுவும் வராதே" என்பவருக்கு. அது உடம்பு பழகுவதைத் துரிதப்படுத்துகிற மருந்து, கவசம் இல்லை. சல்பா ஒவ்வாதவர்கள் தொடக்கூடாது. டாக்டரைக் கேட்டுத்தான் போட வேண்டும். அண்ணன் அவருடைய டாக்டர் சொல்லி ஊரிலிருந்தே போட்டுக்கொண்டு வந்தார். விரல்நுனியெல்லாம் எறும்பு ஊர்கிறது என்பார். மணாலியில் சோடா வாங்கிக் குடித்துவிட்டுக் கடைக்காரரிடம் காஸ் இல்லை என்று சண்டை போட்டார். சோடா நன்றாகத்தான் இருந்தது, மருந்து செய்கிற வேலை அது. சிறுநீரும் அதிகம் பிரியும். ஆகவே ராத்திரி மூன்று ஜிப்பையும் அவர் எத்தனை தடவை திறந்திருப்பார் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஜூலை 6, ஞாயிறு

கணவாய் நாள்.

இருட்டிலேயே எழுப்பிவிட்டார்கள். வெயில் ஏறினால் பனி இளகிக் கால் புதையும், மதியத்துக்கு மேல் மேகம் இறங்கும், அதனால் சீக்கிரம் போய்ச் சீக்கிரம் இறங்க வேண்டும். கஞ்சியும் முட்டையும். எனக்கு இறங்கவில்லை. அண்ணன் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, காய்ந்த உப்பு நார்த்தங்காயில் ஒரு துண்டு கிள்ளிக் கொடுத்தார். வாயில் அடக்கிக்கொண்டேன். தோல் கொஞ்சம் கொஞ்சமாக இளகி உப்பும் கசப்பும் நாக்கின் ஓரத்தில் இறங்க இறங்கக் குமட்டல் அடங்கியது. கல் மாதிரி இருந்த துண்டு ஒன்றரை மணி நேரம் வந்தது. இமயமலைக்கு என்ன வாங்கிப் போகலாம் என்று யாராவது கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

ஜூன் மாதம் என்பதால் பாதை பாதிக்கு மேல் பனிதான். முன்னால் போகிற வழிகாட்டி குதிகாலால் உதைத்துப் படி வெட்டுவார், பின்னால் எல்லோரும் அதே படியில் வைக்க வேண்டும். ஷூவுக்கு அடியில் முள்சங்கிலி மாட்டிக்கொண்டோம். ஒரு மேட்டைக் காட்டி அதோ கணவாய் என்போம். ஏறிப் பார்த்தால் அதற்குப் பின்னால் இன்னொரு மேடு. இப்படி மூன்று தடவை ஏமாந்தேன். நாலாவது தடவை தலையைத் தூக்கவே இல்லை. அண்ணனின் ஷூ மட்டும்தான் கண்ணில். லாபம், ரெண்டு, மூணு. அன்றைக்கு அந்த இருபதுகூட எனக்கு வேகமாகத்தான் பட்டது. அவரும் அதைப் பத்தாகக் குறைத்துக்கொண்டார், நான் கேட்காமலேயே.

உச்சியில் கல் அடுக்கி வண்ணக்கொடிகள் கட்டியிருக்கிறார்கள். இந்திராசன் சிகரம் பக்கத்தில் இருப்பது மாதிரித் தெரிகிறது. அது 6,221 மீட்டர், நாங்கள் நின்றது அதற்கு இரண்டு கிலோமீட்டர் கீழே. புனே பையன்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். எனக்கு அழுகையெல்லாம் வரவில்லை. மூக்கு ஒழுகியது, கை உறையிலேயே துடைத்தேன், அது உறைந்து சொரசொரவென்று ஆனது. இருபது நிமிடத்தில் கிளம்பச் சொல்லிவிட்டார்கள்.

இறக்கத்தில்தான் வந்தது வினை. அந்தப் பக்கம் செங்குத்து. பனியில் உட்கார்ந்து சறுக்கியது வேடிக்கைதான், சின்ன வயசு சறுக்குமரம். ஆனால் அது முடிந்து கல் வந்ததும் அண்ணனுக்கு வலது முழங்கால் பிடித்துக்கொண்டது. பத்து அடிக்கு ஒருமுறை நின்றார். எண்ணுவதையும் நிறுத்திவிட்டார். மேகம் இறங்கி, ஆலங்கட்டியும் மழையுமாகக் கலந்து அடித்தது. அவருக்காக நின்று நின்று எல்லோரும் நடுங்கினோம். எனக்கு வந்த கோபத்தை ஒளிக்காமல் எழுதுகிறேன். இந்த வயதில் இவர் எதற்கு வந்தார், இவரை எப்படிச் சேர்த்தார்கள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே இறங்கினேன். அதே ஆள் காலையில் கொடுத்த நார்த்தங்காயின் உப்பு வாயிலேயே இருக்கிறது. ஷியா கோரு போய்ச் சேர ஐந்தரை ஆகிவிட்டது. இரண்டு மணி நேரம் தாமதம்.

பெரிய குழு என்றால் இதுதான் தொல்லை. ஒருத்தரால் எல்லோருக்கும் ஆபத்து. உடல்தகுதிச் சோதனை கடுமையாக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஜூலை 7

சோறு வேகுமா என்று கேட்டிருக்கிறார்கள். 12,000 அடியில் தண்ணீர் 88 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். கொதிக்கிறது என்று நம்பிப் போட்டால் அரிசி நடுவில் கல் நிற்கும். குக்கர் இல்லாமல் கதையே இல்லை, அதையும் சுமந்து வருகிறார்கள். ராஜ்மா சோறு, கிச்சடி, சூப், மாலையில் சோளப்பொரிகூட. குறை சொல்ல முடியாது. ஆனால் மூன்றாம் நாள் நாக்கு செத்துவிட்டது. அண்ணன் புளிக்காய்ச்சல் பாட்டிலைத் திறந்ததும் தமிழ் அணி ஏழும் (ஆறு, அந்தப் பெண் போய்விட்டாரே) எங்கள் தட்டைச் சுற்றி வந்துவிட்டது. சமையல்காரரும் ஒரு கரண்டி வாங்கி நக்கிப் பார்த்துவிட்டு, எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று விசாரித்தார்.

ஜூலை 8, இரவு

ஷியா கோரு ராத்திரியை விட்டுவிட்டேன். அதுதான் குளிர். இதற்குள் கூடாரக்கலை கொஞ்சம் வந்திருந்தது. தலைப்பக்கம் மேடாக இருக்கும்படி படுத்தேன். காற்றுவழியைத் திறந்துவைத்தேன். ஷூ உள்ளே. மறுநாள் போடுகிற காலுறை, போன், பவர் பேங்க் எல்லாம் பைக்குள் என்னோடு, குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். தண்ணீர் பாட்டிலில் வெந்நீர் பிடித்துக் காலுக்கடியில் வைத்துக்கொண்டேன், காலையில் அதையே குடிக்கவும் ஆயிற்று. ராத்திரி முழுக்கக் காற்று. யாரோ ஈரப் புடவையை விடாமல் உதறுகிற மாதிரிக் கூடாரத்துணி அடித்துக்கொண்டே இருந்தது. அதிலும் தூங்கினேன்.

காலையில் முதல் வேலை ஆற்றைக் கடப்பது. விடிகாலையில்தான் கடக்க வேண்டும். ராத்திரிக் குளிரில் பனி உருகுவது குறைந்து நீர் இறங்கியிருக்கும், வெயில் ஏற ஏற மேலே உருகி, மதியம் அதே ஆறு இடுப்புக்கு வந்துவிடும். கை கோத்துச் சங்கிலியாக, நீரோட்டம் வரும் பக்கம் உடம்பைத் திருப்பிப் பக்கவாட்டில் அடி வைக்கிறோம். கீழே பார்த்தால் தலை சுற்றும், எதிர்க்கரையைப் பார்க்க வேண்டும். என் இடப்பக்கம் அண்ணன், முழங்காலில் கட்டுப்போட்டிருந்தார். நடு ஆற்றில் என் கால் ஒரு வழுக்குப் பாறையில் போனது. இழுத்து நிறுத்தியது அவர் கைதான். அந்தக் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

இன்னொன்று. கணவாய்க்கு இந்தப் பக்கம் குல்லு, பச்சை, பூ, மரம். அந்தப் பக்கம் லாஹோல், ஒரு மரம் கிடையாது, பழுப்பு மண்ணும் கல்லும். மேகத்தை மலை தடுத்து இந்தப் பக்கமே கொட்டவைத்துவிடுகிறது. வால்பாறையில் விடாமல் பெய்யும்போது பொள்ளாச்சிக்கு இறங்கினால் சாலை காய்ந்து கிடக்குமே, அதே கதைதான். ஆனால் இங்கே இரண்டையும் ஒரே பகலில் காலால் கடக்கிறோம். சத்ருவிலிருந்து சந்திரதால் ஏரிக்குக் கூட்டிப்போவதாக இருந்தது. வழியில் ஓடை ரோட்டின் மேல் பெருகி வண்டி போகாது என்றார்கள். அந்த ஏமாற்றம் அரை மணி நேரம்தான். மணாலிக்குத் திரும்பும் வழியில் 2020இல் திறந்த அடல் சுரங்கம், ஒன்பது கிலோமீட்டர், உள்ளே போனதும் எல்லோரும் தூங்கிவிட்டோம்.

ஜூலை 10

"நம்ம ஊர் மலையிலேயே கூடாரம் போட்டுப் பழகிவிட்டுப் போகக்கூடாதா?" நல்ல யோசனைதான், ஆனால் காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் தங்குவது குற்றம். 2018 மார்ச் 11 குரங்கணி தீயில் 23 பேர் போனார்களே, அதற்கப்புறம் மலையேற்றத்துக்கே தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை இணையத்தில் முன்பதிவுக்குத் திறந்தது. பழக அது போதும். கூடாரத்துக்குத் தனியார் தோட்டம் ஏதாவது பாருங்கள். இல்லாவிட்டால் மொட்டைமாடியில் போட்டு ஒரு ராத்திரி படுங்கள். சிரிக்காதீர்கள், ஜிப் திறக்கப் பழகினாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

வெள்ளியங்கிரியையும் லேசாகச் சொல்லவில்லை. 2024 பருவத்தில்கூட மூச்சுத்திணறி பக்தர்கள் சிலர் இறந்தார்கள். அந்தப் படிகள் முழங்காலுக்குச் செய்வதை ஹம்ப்டா செய்யவில்லை.

ஜூலை 20

ஷூ அருமை என்று எழுதியதையும் திரும்பப் பெறுகிறேன். இரண்டு கட்டைவிரல் நகமும் கறுத்துவிட்டன. இறக்கத்தில் விரல் முன்னால் போய் மோதி மோதி ரத்தம் கட்டியிருக்கிறது. ஷூவின் குற்றமில்லை, கிளம்புமுன் நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், இறங்குமுன் கயிற்றை இறுக்கியிருக்க வேண்டும். நகவெட்டி எட்டு ரூபாயோ பத்து ரூபாயோ. ஷூவுக்குக் கொடுத்ததைச் சொன்னால் என் மனைவி இதைப் படித்துவிடுவாள்.

ஜூலை 6 பதிவில் அண்ணனைப் பற்றி எழுதியதற்கு இங்கே நிறையப் பேர் ஆமாம் போட்டிருக்கிறீர்கள், வயதானவர்களைச் சேர்க்கவே கூடாது என்கிறவரை போய்விட்டது. அந்த ஆமாம்களைப் படிக்கப் படிக்க எனக்கே சங்கடமாக இருக்கிறது. அந்தக் குழுவில் மற்றவர்களை உண்மையிலேயே ஆபத்தில் வைத்தவன் யார்? முழங்கால் வலிக்கிறது என்று வாய்திறந்து சொன்னவர் அவர். தலைவலியை மறைத்தவன் நான். எனக்குக் கணவாயில் ஏதாவது ஆகியிருந்தால் இரண்டு மணி நேரத் தாமதத்தோடு போயிருக்காது, நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்க வேண்டும். உடல்தகுதிச் சோதனை வைத்தால் நான் முதல் மதிப்பெண்ணில் தேறுவேன், அதுதான் வேடிக்கை. ஆனாலும் அந்த இறக்கத்தில் நடுங்கிக்கொண்டு நின்றது நின்றதுதான், அந்தக் கோபம் பொய் என்று சொல்ல மாட்டேன். அண்ணன் இந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை என்று நினைக்கிறேன்.

ஜூலை 21

படிக்கிறாராம்.

ஆகஸ்ட் 16

வலது நகம் இன்று காலை சாக்ஸோடு வந்துவிட்டது. வலி இல்லை. அடியில் புதுசு, வெற்றிலைக் காம்பு அகலத்துக்கு முளைத்திருக்கிறது.

கேள்வி கேட்டவர் செப்டம்பருக்குப் பணம் கட்டிவிட்டதாக எழுதியிருக்கிறார். சந்தோஷம். செப்டம்பரில் பனி குறைவு, குளிர் அதிகம். பத்துக்கு எத்தனை என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள். நார்த்தங்காய் வேண்டுமென்றால் சொல்லுங்கள், திருச்சியிலிருந்து எனக்கு இரண்டு கிலோ பார்சல் வந்திருக்கிறது.

கூடவே ஒரு போனும் வந்தது. மலை திறந்ததும் பிப்ரவரியில் வெள்ளியங்கிரிக்கு வருகிறாராம் அண்ணன். அந்தப் படிக்கட்டில் இறங்க உங்கள் முழங்கால் தாங்காது என்று நேராகவே சொன்னேன். அதெல்லாம் டாக்டரைக் கேட்டாயிற்று, முதல் மலை பிள்ளையார் வரைதான், முடிந்தால் பாம்பாட்டிச் சுனை, முடியாவிட்டால் உட்கார்ந்துவிடுவேன் என்கிறார். மூங்கில் தடிக்கு நான், புளிக்காய்ச்சலுக்கு அவர் என்று பேசிவைத்திருக்கிறோம். சென்னைப் பெண்ணிடம் சொன்னேன், வெள்ளியங்கிரியில் பெண்களை அத்தனை சுலபமாக விட மாட்டார்களே, வேறு மலை சொல்லுங்கள் என்றார். அதுவும் நியாயம். பர்வதமலை போகலாமா என்று இப்போது பேச்சு நடக்கிறது.